துணைச் சீட்டு

“இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும்க்கா, ஒரு துக்க போஸ்டர் நடுவுல வந்துருச்சு” என்று அச்சுக்கடை ஜாகிர் சொன்னபோது ஜெயக்கொடிக்குக் கோபம் வரவில்லை. கல்யாணப் பத்திரிகை ஒரு நாள் பொறுக்கும், கடைத் திறப்பு பேனர் ஒரு நாள் பொறுக்கும், செத்தவர் வீட்டு வேலை மட்டும் எந்த வரிசையிலும் நிற்காது, அச்சுக்கடைகளில் அது எழுதி வைக்காத சட்டம். அவள் கொண்டுவந்த வேலை எதில் சேர்த்தி என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு விளையாட்டு அட்டை, ஐந்து செட். நாற்பத்தேழு வயது மனுஷி பட்டப்பகலில் வந்து உட்கார்ந்துகொண்டு விளையாட்டுச் சாமானுக்கு அவசரம் என்று எப்படிச் சொல்வாள்? சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பத்து. ஒன்பதுக்கு ஊசி ஏற்றியிருப்பார்கள், ஒரு மணிக்குக் கழற்றுவார்கள். செவ்வாய், வியாழன், சனி என்றால் அவளுக்குக் கடிகாரம் இந்தக் கணக்கில்தான் ஓடும். ஒன்றரை வருடமாகத் திண்டுக்கல்லின் எல்லாக் கடிகாரங்களும் அவளுக்கு அந்த டயாலிசிஸ் மெஷினின் கடிகாரம்தான். இரண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரி மாடியில் மூன்றாவது படுக்கையில் அவள் வீட்டுக்காரர் ராஜாங்கம் படுத்திருக்கிறார், அவருடைய ரத்தம் வெளியே போய்க் குழாயில் சுற்றிக் கழுவிக்கொண்டு திரும்பி வருகிறது, இவள் இங்கே மின்விசிறிக்குக் கீழே மையும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த வாசனையில் உட்கார்ந்திருக்கிறாள். அவர் கழற்றிக்கொண்டு எழுவதற்குள் பெட்டியைக் கொண்டுபோய் மடியில் வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் இன்றைக்கு அவள் ஆசை. இந்த ஒன்றரை வருடத்தில் அவர் அவளிடம் வாய்விட்டுக் கேட்டது இந்த ஒன்றுதான். போய் அச்சடிச்சுக் கொண்டுவந்துரு ஜெயா என்றார். வேறு எதையும் கேட்டதில்லை, கேட்டிருக்க வேண்டியதைக்கூட, என்று நினைப்பு அங்கே போனதும் அவள் சட்டென்று பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

விளையாட்டை அவர் கண்டுபிடித்ததே கையால்தான். இடது கை மெஷினுக்கு, அதை அசைக்கக் கூடாது. மிச்சம் இருப்பது ஒரு வலது கை, நாலு மணி நேரம், எதிரே ஒரு சுவர். பக்கத்து நான்காவது படுக்கையில் அந்தோணிசாமி, ரிட்டயரான டிரில் மாஸ்டர், சும்மா படுக்கத் தெரியாதவர். தாயக்கட்டை உருட்டிப் பார்த்தார்கள், கட்டை கட்டிலுக்குக் கீழே ஓடியது, நர்ஸ் குனிந்து குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் பிடுங்கி மேசை டிராயரில் வைத்துவிட்டாள். அப்புறம்தான் ராஜாங்கம் வீட்டில் உட்கார்ந்து கோடு போட ஆரம்பித்தார். மின்வாரியத்தில் இருபத்தாறு வருடம் வீடு வீடாக மீட்டர் ரீடிங் எடுத்தவர், கட்டம் போடச் சொன்னால் தெருவாகத்தான் போடுவார். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை எழுபத்திரண்டு கதவு. காய் நகர்த்த உருட்டுக்கட்டை இல்லை, விரலால் சுண்டினால் சுழலும் ஒரு முள். சீட்டு மெல்லிசாக இருந்தால் ஒரு கையால் போர்வை மேலிருந்து எடுக்க வராது என்று அவள்தான் பீரோவுக்கு மேலே மிஞ்சிக் கிடந்த மகள் கல்யாணப் பத்திரிகைகளை இறக்கிக் கொடுத்தாள். நல்ல கனமான அட்டை, வீணாகத்தான் கிடந்தது. அதை நாலு நாலாக வெட்டி வெள்ளைப் பக்கத்தில் அவர் எழுதினார். அங்கேதான் கோட்டை விட்டார்கள். பின்பக்கம் பத்திரிகை எழுத்து துண்டு துண்டாகத் தெரிந்தது, பிள்ளையார் தும்பிக்கை இருக்கிற சீட்டில் ஐந்து கட்டம் முன்னே, முகூர்த்த நேரம் இருக்கிற சீட்டில் மூன்று கட்டம் பின்னே என்று அந்தோணிசாமி இரண்டே வாரத்தில் பாடம் பண்ணிவிட்டார். பாதி மாப்பிள்ளை பெயர் இருந்த சீட்டுதான் எல்லாவற்றிலும் மோசம், அதைச் சாகிற வரை தொட மாட்டேன் என்றார். சாகிற வரை. அந்த வார்த்தையை அந்த அறையில் அவர்கள் எவ்வளவு லேசாகப் புழங்குகிறார்கள். அதனால்தான் இந்த அச்சு, எல்லாச் சீட்டுக்கும் ஒரே முதுகு வேண்டும் என்று. எல்லாச் சீட்டும் ஒரே மாதிரி இருந்தால்தான் எடுக்கிறவனுக்குப் பயம் இருக்கும், பயம் இருந்தால்தான் விளையாட்டு என்று அவர் சொன்னார். பயத்தைப் பற்றி அவளிடம் அவர் சொல்கிறார். அவர் அப்போது அவள் முகத்தைப் பார்த்தாரா, கோட்டைப் பார்த்தாரா?

கம்ப்யூட்டர் திரையில் செத்தவர் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில் இருப்பவரைப் போல ஒரு விறைப்பு. ஜாகிர் ஏற்கெனவே தயாராக வைத்திருந்த சட்டத்துக்குள் முகத்தை இழுத்துப் போட்டான், இந்தப் பக்கம் ஒரு விளக்கு, அந்தப் பக்கம் ஒரு விளக்கு, மேலே கண்ணீர் அஞ்சலி. சட்டம் தயாராக இருக்கிறது, முகம்தான் மாறுகிறது. மேசைக்கு முன்னால் நின்ற இரண்டு பேரில் மூத்தவர், “நெத்தில பொட்டு தெரியணும்ப்பா, அவரு பொட்டு இல்லாம வெளிய போனதே இல்ல” என்றார். இளையவர் தோற்றம், மறைவு என்ற இரண்டு வார்த்தைக்கு நடுவில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயக்கொடிக்குக் கண்ணை எடுக்க முடியவில்லை. ராஜாங்கத்துக்கு எந்தப் போட்டோ? மகள் கல்யாணத்தில் எடுத்தது நன்றாக இருக்கும், அதில் கன்னம் இருக்கிறது, இப்போது இருக்கிற முகத்தை வைத்தால் ஊர்க்காரர்களுக்கு அடையாளம் தெரியாது, என்ன யோசிக்கிறாய் நீ, பாவி, ஆள் உயிரோடு இரண்டு தெரு தள்ளி இருக்கும்போது போட்டோ தேடுகிறாய். ஆனால் தேடித்தானே ஆக வேண்டும். யாராவது ஒரு கிட்னி கொடுத்தால் தேட வேண்டாம். அந்த யாராவது அவள்தான். அவளுடையது பொருந்துகிறது. ரத்த வகை, அது இது என்று ஒன்றரை மாதம் மதுரைக்கு அலைந்து எடுத்த அத்தனை பரிசோதனையும் பொருந்துகிறது. இது அவளுக்கும் அந்த மதுரை ஆஸ்பத்திரியில் உறுப்பு தானத்துக்கு ஒருங்கிணைப்பாளராக இருந்த நிர்மலா மேடத்துக்கும் மட்டும்தான் தெரியும். அவளை மட்டும் தனியாக ஓர் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, “உங்களுக்கு மனசுக்குச் சம்மதம் இல்லைன்னா எங்ககிட்ட சொல்லிருங்கம்மா, காரணம் நாங்க சொல்லிக்கிறோம், உங்களை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க” என்றார் அந்த மேடம். எல்லாரிடமும் அப்படிக் கேட்பதுதான் முறையாம். இவள் சம்மதம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அழுகை வந்துவிட்டது. அழுது முடித்தபோது தலை இல்லை என்று ஆடியிருந்தது. வெளியே வந்த நிர்மலா மேடம் ராஜாங்கத்திடம், “அம்மாவுக்கு சுகர் எல்லையில இருக்கு சார், எடுக்கிறது அவங்களுக்கு நல்லதில்ல” என்றார். அவர், “நல்லதாப் போச்சு, ஒரு வீட்டுல ரெண்டு பேரு எதுக்குப் படுக்கணும்” என்றார். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் சீட்டை அவளுக்குக் கொடுத்தார்.

உள்ளே வெட்டும் மெஷின் இறங்கியது. கத்தி தெரியாது, சத்தம்தான், ஒரு கட்டுத் தாள் முழுக்க ஒரே அழுத்தில் இரண்டாகிற சத்தம். அவள் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. இடது பக்கத்தைத்தான் எடுப்பார்களாம், அதை அவள் கேட்டிருந்தாள், சம்மதமா என்று கேட்ட அறையில் அவள் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அன்றிலிருந்து இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வரவில்லை. இருக்கிறதா இருக்கிறதா என்று யாரோ உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே இருப்பதுபோல இருக்கும். அம்மாவும் ஒரு பக்கம் கையை வைத்துக்கொண்டுதான் உள்ளே போனாள். கர்ப்பப்பையை எடுக்க, ஒன்றுமில்லை, மூணு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார்கள், ஸ்ட்ரெச்சரில் போகும்போது அடுப்பில் பால் வைத்தது நினைவிருக்கா என்று கேட்டாள். ஜெயக்கொடிக்கு அப்போது பத்தொன்பது. பிளாஸ்கில் காப்பி வைத்துக்கொண்டு வெளியே நின்றாள். மயக்கத்திலிருந்து எழவில்லை என்று வந்து சொன்னபோதும் காப்பி சூடாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு மகள் பிரசவத்துக்குக்கூட அவள் ஆபரேஷன் தியேட்டரின் அந்தப் பச்சைத் துணி மறைப்புக்குக் கிட்டே போனதில்லை, வாசலிலேயே நின்றாள். இதை ராஜாங்கத்திடம் சொல்லியிருக்கலாம். பயமாக இருக்கிறது என்று இரண்டு வார்த்தை. ஆனால் அப்போதே ஒரு வருடமாக வாரம் மூன்று நாள் ஊசி வாங்கிக்கொண்டிருந்த மனிதரிடம் எனக்கு ஊசி பயம் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? பெண்டாட்டி கொடுப்பாள் என்றுதான் ஊரே முடிவு பண்ணியிருந்தது. அவருடைய அக்கா போனில், “நீதான இருக்க, அப்புறம் என்ன” என்றாள். நீதான இருக்க. உப்பு இருக்கிறதா, புளி இருக்கிறதா என்பது மாதிரி. கொடுத்தவர்கள் நன்றாக இருக்கிறார்கள், ஓடுகிறார்கள், மாடிப்படி ஏறுகிறார்கள், ஆஸ்பத்திரியில் சுவரெல்லாம் படம் ஒட்டியிருந்தார்கள். அவளுக்குத் தெரியும். தெரிந்த பயம் போகவா செய்கிறது? கிழங்கை வெட்டி இரண்டு தண்ணீர் கொதிக்கவைத்து வடித்து, உப்பில்லாமல், அவர் உடம்புக்கு ஆகிற மாதிரி, மதுரையிலிருந்து வந்த பிறகு இந்த ஆறு மாதமாகப் பத்தியம் சமைத்து, அவள் இன்னொரு கணக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தாள், தீரவே தீராத ஒன்றை.

போஸ்டர்காரர்கள் போனார்கள். இளையவர் வாசலில் வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு போய், திரும்பி வந்து மாற்றிக்கொண்டு போனார். “வாங்கக்கா, நம்மளதப் பாத்துருவோம்” என்று ஜாகிர் கூப்பிட்டு, ஒரு சீட்டுத் தொகுதியைச் சாதாரணத் தாளில் அடித்து மேசையில் போட்டான். எந்த வேலையாக இருந்தாலும் படித்துப் பார்த்து ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், அப்புறம் தப்பு என்று வந்தால் கடை பொறுப்பில்லை, அது அந்தக் கடை வழக்கம். அவள் பேனாவை வைத்துக்கொண்டு படித்தாள். டாக்டர் அவர்களுக்கு விலக்கிவைத்த இளநீர், தண்ணீர், வாழைப்பழம்தான் பாதிச் சீட்டு. இளநீர்க் கடையைப் பார்க்காமல் தாண்டி வந்தாய், நாலு கட்டம் முன்னே. தாகம் தாங்காமல் நடுச் சாமத்தில் ஒரு சொம்பு குடித்தாய், ஆறு கட்டம் பின்னே. நர்ஸ் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தாள், இன்னொரு தடவை சுண்டு. கரண்ட் போய்விட்டது, எல்லாரும் அப்படியே இருங்கள். வாழைப்பழத்தை உரித்துப் பேரனுக்குக் கொடுத்துவிட்டுத் தோலை முகர்ந்தாய், பாவம், ஒரு கட்டம் முன்னே. ஜெயக்கொடிக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பாவம் அவர் எழுதியதில்லை, அந்தோணிசாமி சேர்க்கச் சொன்னது. “இது என்னக்கா ஆட்டம், வெட்டே இல்லையா?” என்று ஜாகிர் கேட்டான். “முன்னாடி இருந்துச்சு, எடுத்துட்டாங்க” என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. முதலில் ஒரு காய் இன்னொரு காயை வெட்டி ஆஸ்பத்திரி வாசலுக்கே அனுப்பலாம் என்றுதான் இருந்தது. இரண்டாவது படுக்கைக்காரர் ஒரு சனிக்கிழமை அந்தோணிசாமியை வெட்டிவிட்டு ஓவென்று சிரித்தார், செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை, வியாழக்கிழமை அந்தப் படுக்கையில் வேறு ஆள் இருந்தார். அதற்குப் பிறகு யாரும் யாரையும் வெட்டவில்லை. ராஜாங்கம் அட்டையில் அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டார், அவ்வளவுதான்.

“விதித்தாள் மட்டும் சார் காலைல பெட்ல இருந்தே வாட்ஸப்ல அனுப்புனாரு, நீங்க பாத்துருக்க மாட்டீங்க” என்று ஜாகிர் கடைசித் தாளை நீட்டினான். ஒன்பது விதிகள். எட்டு வரை அவளுக்குத் தெரிந்தவைதான், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் பேசிப் பேசித் திருத்தியவை, முள் கோட்டின் மேல் நின்றால் மறுபடி சுண்டலாம், படுக்கையிலிருந்து படுக்கைக்கு அட்டையை நர்ஸ்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும், பிரஷர் இறங்கினவர் ஆட்டத்தை நிறுத்தலாம். ஒன்பதாவது புதியது. ஒற்றை விரலால் போனில் அடித்திருப்பார். துணைச் சீட்டு ஆளுக்கு ஒன்று. ஆபத்துக் கட்டத்தில் நிற்கிறவருக்கு, வைத்திருப்பவர் மனமிருந்தால் அதைக் கொடுக்கலாம். கேட்டு வாங்கக் கூடாது. கொடுக்காதவரிடம் ஏன் என்றும் கேட்கக் கூடாது. கொடுக்காதவர் தோற்றவர் ஆக மாட்டார். அவள் இன்னொரு தடவை படித்தாள். எழுத்து எழுத்தாகத்தான் இருந்தது, மையாகத்தான் இருந்தது. மூன்றாவது தடவை படிக்கும்போது கேட்டு வாங்கக் கூடாது என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது, அதற்கு மேலே போக மாட்டேன் என்றது. துணைச் சீட்டு என்று ஒன்று அவர்கள் விளையாட்டில் இருந்ததே இல்லை. நேற்று வரை இல்லை. ஆட்டத்துக்கு அது தேவையும் இல்லை.

அவருக்குத் தெரியும். எப்போதிலிருந்து? மதுரையிலிருந்து வந்த அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவள் இரண்டு கூட்டு வைத்தாள், தட்டைக் கழுவித் துடைத்து வைத்தாள், அவர் உட்காருவதற்கு முன்னால் மணையைத் தட்டிப் போட்டாள். அவர் தட்டைப் பார்த்துவிட்டு, “என்ன ஜெயா, இன்னைக்கு மோர் பலமா இருக்கு” என்றார். தட்டில் மோரே இல்லை, அவர் உடம்புக்கு மோர் ஆகாது. ஏதோ தடுமாறிப் பேசுகிறார், யூரியா தலைக்கு ஏறிவிட்டது என்று பயந்து அவள் அன்று ராத்திரி அவர் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மோர். இருபத்தாறு வருடமாக வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்த கதைதானே அது, எந்த வீட்டில் மீட்டரில் கை வைத்திருக்கிறார்களோ அந்த வீட்டில்தான் ரீடிங் எடுக்க வருகிறவனுக்கு நாற்காலி போட்டு, வெயிலாச்சே சார் என்று மோர் கொடுப்பார்கள், மோர் எவ்வளவு கெட்டியோ திருட்டு அவ்வளவு பெரிசு. அந்த வீடுகளை அவர் என்ன செய்வார் என்று ஒரு நாள் அவள் கேட்டாள். சில வீட்டைப் பார்த்தால் எழுதத் தோணாது ஜெயா, மோரைக் குடிச்சிட்டு வந்துருவேன் என்றார். அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அன்றையிலிருந்து அவர் எத்தனை வேளை அந்த மோரைக் குடித்திருக்கிறார், ஒரு முகச்சுளிப்பு இல்லாமல். இவள் வடித்துக் கொட்டிய தண்ணீர், இவள் துடைத்துவைத்த தட்டு, இவள் அவரைத் தாங்கித் தாங்கி நடந்தது எல்லாவற்றையும் அவர் அந்த மீட்டர்க்காரர் கண்ணோடு பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். சண்டை போட்டிருக்கலாம். அறைந்திருக்கலாம். ஒரு நாளாவது முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கலாம். அதில் ஒன்றைச் செய்திருந்தால் இவள் தப்பித்திருப்பாள். ஒருவேளை அவளைப் பற்றியே இல்லையோ, ஆட்டத்துக்காகவே எழுதினாரோ, அந்தோணிசாமியின் மகன் கிட்னி கொடுக்காமல் வெளிநாடு போனானே, அதற்காக இருக்குமோ. இருக்கலாம். இருக்கட்டும் என்று மனசு அந்தக் கிளையைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தது. தாங்கவில்லை. “அக்கா, ஓகேவா? ஒன்பதாவது விதி கொஞ்சம் நீளம், அட்டைல இடம் பத்தல, வேணும்னா எடுத்துரலாமா?” என்று ஜாகிர் கேட்டான். எடுத்துவிடு என்று சொல்லலாம். இடமில்லை என்று கடைக்காரர் எடுத்துவிட்டார் என்று அவரிடம் சொல்லலாம், காரணம் மற்றவர்கள் சொல்லிக்கொள்வார்கள், அவளுக்கு அது பழக்கம்தான். இந்த நினைப்பு வந்ததும் அவளுக்குத் தன்மேல் அப்படி ஒரு அருவருப்பு வந்தது. “எழுத்தச் சின்னதாக்கிக்கங்க, எடுக்க வேணாம்” என்றாள்.

போன் அடித்தது. பன்னிரண்டு ஐந்து. மூன்றாவது மணி நேரம் முடிகிற இடத்தில் அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், அப்போது கூப்பிடுவார், எதையாவது பேசு என்பார், அவள் கடைத்தெருவில் கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லுவாள், வலி இறங்கும். “கடைலதான் இருக்கியா?” என்றார். “கடைலதான்.” “விதித்தாளக் காட்டுனாரா?” அவள் தாளைப் பார்த்தாள். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. “காட்டுனாரு.” “படிச்சியா?” என்று அவர் கேட்டார், பின்னால் மெஷின் பீப் பீப் என்றது, யாரோ இருமினார்கள். படிக்கவில்லை, படம் மட்டும் பார்த்தேன் என்று சொன்னால் முடிந்தது. அவரும் சரி என்பார். சரி என்று விட்டுவிடுவார், அதுதான் தாங்க முடியாதது. “படிச்சேன்” என்றாள். அந்தப் பக்கம் மெஷின் மறுபடி பீப் என்றது. “எனக்குப் பயங்க” என்றாள். சொல்லிவிட்டாள். ஜாகிர் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டான். “எல்லாம் பொருந்துச்சுங்க. நான்தான். எங்கம்மா போன மாதிரி போயிருவேனோன்னு பயம். இப்பவும் பயமாத்தான் இருக்கு.” “தெரியும்” என்றார் அவர். “அந்த மேடத்துக்குப் பொய் சொல்ல வரலையே, உன் சுகரச் சொல்லும்போது என் மூஞ்சியப் பாக்காம ஃபைலப் பாத்துச்சு.” “தெரிஞ்சும் ஏங்க எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?” அவள் அழுதுகொண்டே கேட்டாள், அது கோபம் மாதிரிதான் வெளியே வந்தது. கோபமேதான். “ஒரே ஒரு தடவ கேட்டிருக்கக் கூடாதா?”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுப்பது கேட்டது, கால் பிடித்துவிட்டது. “கேட்டா நீ குடுத்துருவ ஜெயா” என்றார். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவருடைய மூச்சு ஒவ்வொன்றாக ஏறி இறங்குவதைக் கேட்டுக்கொண்டு, வலி அடங்கும்வரை மேசையோரத்தில் அப்படியே நின்றாள்.